கொறக்காவைப் பற்றி என்னிடம் கேட்கிற கேள்விகள்

கொழும்பில் வேலை செய்கிற தங்கச்சி மகள் மாதத்துக்கு ஒருமுறையாவது "பெரியம்மா, மீனுக்குக் கொறக்கா எத்தனை போடணும்?" என்று வாட்ஸ்அப்பில் குரல் அனுப்புகிறாள். அவளுடைய சிநேகிதிகள் உடம்பு மெலியுமா என்று கேட்கிறார்கள். தமிழ்நாட்டில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு அது என்ன சாமான் என்றே தெரியாது: மீன் கறிக்குப் புளிப்புக்காகப் போடுகிற, காயவைத்த ஒரு பழத்தின் தோல். எல்லோருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். நான் இலங்கை மலைநாட்டில் கினிகத்தேனைப் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவள், மரமும் அடுப்பும் இரண்டும் பழக்கம்.

கொறக்கா என்பது கொடுக்காப்புளிதானே?

இல்லை. இந்தக் குழப்பம் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு வரும், ஏனென்றால் இங்கே சிலர் இதைக் கொறுக்காய்ப்புளி என்றும் எழுதுகிறார்கள், காதுக்கு இரண்டும் ஒன்றுபோலக் கேட்கும். கொடுக்காப்புளி என்பது முள்மரத்தில் சுருள் சுருளாகத் தொங்கும் காய், உள்ளே வெள்ளையாகவோ ரோஜா நிறமாகவோ சதை இருக்கும், அது மத்திய அமெரிக்காவிலிருந்து வந்த மரம். கொறக்கா நம்முடைய ஈரக் காட்டு மரம். பார்க்கக் குட்டிப் பூசணிக்காய் மாதிரி வரி வரியாகப் பள்ளம் விழுந்திருக்கும். மங்குஸ்தானுக்குச் சொந்தக்கார மரம் என்றால் இன்னும் சுலபமாகப் புரியும், இரண்டும் கார்சினியா என்ற ஒரே இனத்தைச் சேர்ந்தவை.

அப்போ கேரளாவின் குடம்புளி?

கிட்டத்தட்ட அதேதான், அக்கா தங்கை மாதிரி. மலையாளிகள் மீன் கறிக்குப் போடும் குடம்புளி கார்சினியா கம்மி-கட்டா. பழைய புத்தகங்களிலும் மாத்திரை டப்பாக்களிலும் அதையே கார்சினியா கம்போஜியா என்று எழுதியிருப்பார்கள். இலங்கையில் சிவப்புக் கொறக்கா என்கிற கார்சினியா குவேசிட்டா இந்தத் தீவுக்கே உரியது, வேறெங்கும் இயற்கையாக இல்லை. சமையலில் ஒன்றுக்குப் பதில் மற்றதைத் தாராளமாகப் போடலாம். லண்டனிலோ டொரொண்டோவிலோ இருந்து கேட்பவர்களுக்கும் அதைத்தான் சொல்வேன்: மலையாளக் கடையில் குடம்புளி வாங்குங்கள், போதும்.

மரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

அடிமரம் நேராகப் போகும், கிளைகள் பக்கவாட்டில் நீண்டு நுனி தொங்கும். இலை தடிப்பாக, கரும்பச்சையாக, எண்ணெய் தடவின மாதிரி மினுங்கும், எதிரெதிராக இரண்டிரண்டாக இருக்கும். சந்தேகம் இருந்தால் பட்டையில் நகத்தால் லேசாகக் கீறுங்கள், மஞ்சள் பால் கசியும். கையில் பட்டால் சவர்க்காரம் போட்டாலும் சீக்கிரம் போகாது. பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையில் ஒருமுறை ஒட்டி, அதற்கு அம்மாவிடம் வாங்கின அடி எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

பழத்தை அப்படியே சாப்பிடலாமா?

சாப்பிடலாம், ஆனால் எந்தப் பாகம் என்று தெரிந்து சாப்பிட வேண்டும். பழுத்து மஞ்சளாகவோ சிவப்பாகவோ கீழே விழுந்ததைப் பிளந்தால் உள்ளே கொட்டையைச் சுற்றிக் கண்ணாடி மாதிரி வழுவழுப்பான சதை இருக்கும். அது இனிப்பும் புளிப்புமாக நன்றாக இருக்கும், நாங்கள் அதைத்தான் உறிஞ்சுவோம். தோலைக் கடித்தால் பல் கூசிப்போகும், அன்றைக்கு ராத்திரி சோறு மெல்ல முடியாது. வாயைச் சுற்றிப் பிசுபிசுவென்று மஞ்சள் பால் ஒட்டிக்கொள்ளும். குரங்கும் வௌவாலும் நம்மைவிடக் கெட்டிக்காரத்தனமாகச் சாப்பிடும். காட்டில் மரம் பரவுவதும் இந்த மாதிரிப் பிராணிகளால்தான்.

மலைநாடு முழுக்க வளருமா? நுவரெலியாவில் ஏன் காணோம்?

இது ஈரமும் சூடும் சேர்ந்து கேட்கிற மரம். கேகாலை, யட்டியாந்தோட்டை, இரத்தினபுரி, கண்டியைச் சுற்றி, நாவலப்பிட்டி, கினிகத்தேனை என்று மலையின் அடிவாரத்திலும் நடுப்பகுதியிலும் நன்றாக இருக்கும். ஹட்டனைத் தாண்டி மேலே ஏற ஏறக் குறைந்துவிடும், நுவரெலியா மாதிரி ஆறாயிரம் அடிக் குளிரில் நட்டுவிட்டுக் காத்திருப்பது வீண். கண்டிப் பக்கத்து வீட்டுத்தோட்டங்களைப் பார்த்திருப்பீர்கள்: பலா, தென்னை, கமுகு, கித்துள், சாதிக்காய், கராம்பு, அதன்மேல் ஏறும் மிளகு என்று காடு மாதிரி அடுக்கடுக்காக இருக்கும். அந்தக் கூட்டத்தில் வழக்கமாக ஒரு கொறக்காவும் நிற்கும், யாரும் தனியாகக் கவனிக்காமல்.

இது சிங்களச் சமையல் இல்லையா? லயத்துக்கு எப்படி வந்தது?

நல்ல கேள்வி, இதைக் கேட்கிறவர்கள் குறைவு. நம் பாட்டன் பூட்டன்கள் கோப்பிக் காலத்திலும் அதற்குப் பிறகு தேயிலைக்கும் வந்தது திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம் மாதிரி காய்ந்த பூமியிலிருந்து. அவர்களுக்குப் புளி என்றால் புளியமரத்துப் புளிதான். ஈரமலையில் புளியமரம் சரியாக வராது, புளியைக் கடையில்தான் வாங்க வேண்டும், அதுவும் சம்பளம் போட்ட பிறகு. கொறக்காவோ பக்கத்து நாட்டில் சும்மா விழுந்து கிடந்தது. நாடு என்று தோட்டத்து ஆட்கள் சொல்வது பக்கத்துச் சிங்களக் கிராமத்தை, தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்.

எங்கள் அம்மாயிக்கு இதைக் கற்றுக்கொடுத்தது அப்படி ஒரு நாட்டு ஆச்சிதான். அம்மாயி மிலாறு விறகு (கவ்வாத்தில் வெட்டிப்போடும் தேயிலைக் குச்சி) கொடுப்பாள், ஆச்சி கொறக்காவும் ஈரப்பலாக்காயும் கொடுப்பாள். ஒருவர் பேசுவது மற்றவருக்குப் பாதிதான் புரியும், ஆனாலும் சமையல் விஷயம் எல்லாம் ஒழுங்காகக் கைமாறிவிட்டது. இப்போதும் எங்கள் வீட்டில் சாம்பாருக்கும் ரசத்துக்கும் கடைப் புளி, மீனுக்கும் கருவாட்டுக்கும் கொறக்கா. இதை மாற்றிப் போட்டால் வீட்டில் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

காயவைப்பது எப்படி?

இதில்தான் எல்லாமே இருக்கிறது, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். பழத்தை மரத்திலேயே கனிய விட்டு, விழுந்ததை அன்றன்றே பொறுக்க வேண்டும், இரண்டு நாள் கிடந்தால் அடியில் அழுகும். கழுவி, பள்ளம் இருக்கிற வரியோடு பிளந்தால் சுளை சுளையாகப் பிரியும். கொட்டையையும் சதையையும் எடுத்துவிட்டுத் தோல் சுளையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் அது மஞ்சளாக, ஈரமாக, ஒன்றுக்கும் உதவாத மாதிரி இருக்கும். பாயில் பரப்பி வெயிலில் போட்டால் பழுப்பாகி, ஓரம் சுருண்டு, நாலைந்து நல்ல வெயிலில் கறுத்துவிடும்.

ஆனால் நல்ல வெயிலுக்கு எங்கே போவது? எங்கள் பக்கம் பழம் விழுவதும் தென்மேற்கு மழை கொட்டுவதும் ஒரே நேரத்தில். கினிகத்தேனையில் ஜூன் மாதம் துணியே காயாது, கொறக்கா எங்கே காயப்போகிறது. அதனால்தான் அடுப்புக்கு மேல் பரண். லயத்துக் காம்பராவில், அதாவது வீட்டு அறையில், அடுப்புக்கு மேலே கம்பியில் கட்டித் தொங்கும் ஒரு மூங்கில் தட்டு இருக்கும். கவ்வாத்து மிலாறு எரிந்து வரும் புகை காலையும் மாலையும் அதில் படும். இரண்டு மூன்று வாரம் அங்கேயே கிடந்தால் கொறக்கா கன்னங்கரேலென்று, தொட்டால் வளைகிற மாதிரி, புகை மணத்தோடு வரும். அந்த மணம் மீன் கறியில் இறங்கினால் இருக்கிற ருசியே தனி, கேஸ் அடுப்பு வந்த பிறகு அது போய்விட்டது என்று எனக்கு வருத்தம்தான். அம்மாவின் இருமலுக்கு அந்தப் புகையும் ஒரு காரணம் என்று டாக்டர் சொன்னதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

காய்ந்த பிறகு கல் உப்புப் பிரட்டி, மண் முட்டியிலோ கண்ணாடிப் போத்தலிலோ அடைத்து வைத்தால் வருடக்கணக்கில் கெடாது. ஈரக் கரண்டி மட்டும் உள்ளே போகக்கூடாது.

கடையில் எப்படிப் பார்த்து வாங்குவது?

கறுப்பாக, தோல் மாதிரி வளைய வேண்டும். குச்சியாக உடைந்தால் பழசு. அமுக்கும்போது தண்ணீர் கசிந்தால் நீங்கள் தண்ணீருக்குக் காசு கொடுக்கிறீர்கள். வெள்ளைப் பொடி தெரிந்தால் உடனே பூஞ்சணம் என்று பயப்படாதீர்கள், நக்கிப் பாருங்கள், பெரும்பாலும் உப்புதான். பச்சையாகவோ நூல் நூலாகவோ ஏதாவது படர்ந்திருந்தால் மட்டும் வாங்க வேண்டாம். ஹட்டன் சந்தையில் பேரம் பேசினால் குறைப்பார்கள், ஆனால் நல்ல சாமானுக்குப் பேரம் பேசுவதில் எனக்கு விருப்பம் இல்லை.

சரி, மீனுக்கு எத்தனை போட வேண்டும்?

(மகளே, இது உனக்கு.) குழம்புக் கறி என்றால் அரைக் கிலோ மீனுக்கு இரண்டு மூன்று சுளை. கழுவி, வெந்நீரில் பத்து நிமிடம் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரோடு சேர்த்தே சட்டியில் போடு. தேங்காய்ப் பால் விடுவதாக இருந்தால் மீன் புளியில் வெந்த பிறகு கடைசியில் விடு, முதலிலேயே விட்டுக் கொதிக்கவிட்டால் பால் திரிந்துபோகும்.

அம்புல் தியல் என்றால் கணக்கு வேறு. தெற்குக் கரையோரத்தில் பிறந்த சிங்களச் சமையல் அது, அம்புல் என்றால் புளிப்பு. பலயா, கெலவல்லா மாதிரி கெட்டியான சூரை மீன்தான் சரி. அரைக் கிலோவுக்கு ஐந்தாறு சுளை எடுத்து ஊறவைத்து, கல் உப்போடும் ஒரு மேசைக்கரண்டி மிளகோடும் அம்மியில் மையாக அரைக்க வேண்டும். அரைக்கும்போதே மூக்கைத் துளைக்கும், சேறு மாதிரி கறுப்பாக வரும், பயப்படாதே. சதுரமாக வெட்டிய மீன் துண்டு ஒவ்வொன்றிலும் எல்லாப் பக்கமும் பூசி, வாழையிலை விரித்த மண்சட்டியில் ஒரே அடுக்காக அடுக்கி, கறிவேப்பிலை, ரம்பை இலை, இரண்டு பல் பூண்டு, ஒரு துண்டு கறுவா (பட்டை) போட்டு, அரைக்கோப்பைத் தண்ணீர் விட்டு மெல்லிய நெருப்பில் வை. கரண்டியே போடாதே. சட்டியை மட்டும் ஒருமுறை பிடித்துக் குலுக்கு. தண்ணீர் முழுக்க வற்றி, மீனின் மேல் கறுப்பு ஒட்டிக்கொண்டதும் இறக்கிவிடு. அடுத்த நாள்தான் ருசி, அதனால் இன்றைக்கே தின்று தீர்க்காதே.

கொறக்கா போட்டால் மீன் கெடாது என்கிறார்களே?

பாதி உண்மை. நல்ல அம்புல் தியல் குளிர்சாதனப் பெட்டி இல்லாமலே ஒரு வாரம்போல இருக்கும், காரணம் மூன்று: கொறக்காவின் அமிலம், உப்பு, தண்ணீர் இல்லாமல் வற்றவிட்டது. அந்தப் புளிப்பில் பெரும்பாலான கிருமிகளால் பெருக முடியாது. மீன் வாடை அடங்குவதற்கும் சதை உடையாமல் இறுகுவதற்கும்கூட அமிலம்தான் காரணம். கடற்கரையிலிருந்து வளைந்து வளைந்து லொறியில் ஏறி வருகிற மீனுக்கு எங்கள் ஊரில் இதைவிடப் பொருத்தமான சாமான் கிடையாது.

மற்றப் பாதியையும் கேளுங்கள். ஏற்கெனவே கெட்டுப்போன மீனைக் கொறக்கா காப்பாற்றாது. பலயா, கெலவல்லா மாதிரி மீன்கள் ஐஸ் இல்லாமல் சூட்டில் கிடந்தால் அதில் ஹிஸ்டமின் உருவாகும், உருவான பிறகு எவ்வளவு வேகவைத்தாலும் அது போகாது. தின்ற கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, தடித்து, தலை வலிக்கும். சின்ன வயதில் எங்கள் லயத்தில் ஒரே நாளில் நாலு வீட்டுக்கு இது வந்தது, எல்லாம் ஒரே சைக்கிள்காரரிடம் வாங்கிய மீன். மலிவாகக் கிடைத்தது என்று கொறக்காவை அள்ளிப் போட்டுச் சமைத்திருந்தார்கள்.

அலுமினியச் சட்டியில் சமைக்கலாமா?

வேண்டாம். அமிலம் அலுமினியத்தைத் தின்னும், கறியில் ஒரு உலோகச் சுவை வரும், சட்டியில் புள்ளி விழும். ஒரு நல்ல தாச்சியை இப்படித்தான் நான் பாழாக்கினேன். மண்சட்டி, இல்லாவிட்டால் எவர்சில்வர்.

மீனைத் தவிர வேறு எதற்குப் போடுவது?

பன்றி இறைச்சிக்கு நன்றாகப் பொருந்தும், கொழுப்பின் திகட்டலை வெட்டிவிடும். பிஞ்சுப் பலாக்காய்க் கறிக்கு, அதாவது இங்கே பொலொஸ் என்கிறோமே, அதற்கு இரண்டு சுளை போட்டு மணிக்கணக்கில் மெல்ல வேகவிட்டால் இறைச்சி தோற்றுவிடும். நெத்தலிக் கருவாட்டுக்கு ஒரு சுளை போதும். சாம்பாருக்குப் போடாதீர்கள். என் மருமகள் ஒருமுறை போட்டாள், பருப்பும் புகையும் சேர்ந்து ஏதோ ஒரு மருந்து மாதிரி இருந்தது.

கை மருத்துவத்தில் இதன் இடம் என்ன?

பழைய வழக்கத்தில் தோலைக் காய்ச்சிய கஷாயம் வாதத்துக்கும் வயிற்றுக் கோளாறுக்கும் கொடுத்திருக்கிறார்கள், மாட்டுக்கு வாய்ப்புண் வந்தால் அந்தத் தண்ணீரால் வாயைக் கழுவுவார்கள். மரத்தின் பிசின் கடுமையான பேதி மருந்து, அதை வீட்டில் யாரும் பரீட்சை பார்க்க வேண்டாம். எங்கள் வீட்டில் நான் கண்டது ஒன்றுதான்: ஈறு வீங்கினால் அம்மாயி கொறக்கா ஊறிய தண்ணீரில் உப்புப் போட்டு வாய் கொப்பளிக்கச் சொல்வாள். சுரீரென்று இருக்கும். குணமானது கொறக்காவாலா உப்பாலா என்று கேட்டால் நான் உப்பு என்றுதான் சொல்வேன்.

உடம்பு மெலியுமா? அந்த மாத்திரையை வாங்கலாமா?

வாங்காதீர்கள். கொறக்கா என்றாலே இப்போது பாதிப் பேர் கேட்பது இதைத்தான், அதனால் முழுசாகச் சொல்கிறேன்.

தோலில் ஹைட்ராக்சி சிட்ரிக் அமிலம் என்று ஒன்று நிறைய இருக்கிறது. உடம்பு மாச்சத்தைக் கொழுப்பாக மாற்றும் வழியில் வேலை செய்கிற ஒரு நொதியை அது தடுக்கிறது என்று ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடித்தார்கள், அதிலிருந்து மாத்திரை வியாபாரம் கிளம்பியது. அப்புறம் மனிதர்களிடம் சரியாகச் சோதித்துப் பார்த்தார்கள். 1998-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வந்த ஆய்வு அது: எடை கூடிய 135 பேரைச் சேர்த்து, 12 வாரம், சிலருக்குக் கார்சினியா, சிலருக்கு வெறும் போலி மாத்திரை. இரண்டு கூட்டத்துக்கும் எடை குறைந்ததில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

பிரயோசனம் இல்லை என்றால் காசோடு போயிற்று என்று விடலாம். கல்லீரல் பிரச்சினையும் இருக்கிறது. 2009 மே மாதம் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஹைட்ராக்சிகட் என்ற எடை குறைப்புப் பொருட்களை நிறுத்தச் சொல்லி எச்சரித்தது, மஞ்சள் காமாலையிலிருந்து கல்லீரல் மாற்று வரை போன 23 முறைப்பாடுகள் அதற்குக் காரணம், ஒருவர் இறந்தும் போனார். அந்த டப்பாக்களில் வேறு பல சரக்கும் கலந்திருந்தது, கார்சினியாவும் சிலவற்றில் இருந்தது. அதற்குப் பிறகு கார்சினியா மட்டும் உள்ள மாத்திரை தின்றவர்களுக்கும் கல்லீரல் பாதித்ததாக மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

அப்படியென்றால் கறியும் ஆபத்தா என்று உடனே கேட்பீர்கள். இரண்டு சுளை போட்ட குழம்பை ஒரு குடும்பமே பங்கு போட்டுத் தின்பதும், அமிலத்தை மட்டும் பிரித்து இறுக்கிய மாத்திரையை ஒருவர் தினம் மூன்று வேளை விழுங்குவதும் எப்படி ஒன்றாகும்? எங்கள் பக்கம் தலைமுறை தலைமுறையாகக் கறியில் தின்கிறோம், அதனால் யாரும் மெலிந்ததை நான் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாலே தெரியும்.

சமையலறைக்கு வெளியே ஏதாவது உபயோகம்?

பித்தளைக் குத்துவிளக்கு தேய்க்க ஊறவைத்த பழைய சுளை போதும், புளி மாதிரியே பளிச்சென்று ஆக்கும். றப்பர் பாலை உறைய வைக்க அசிட்டிக் அமிலத்துக்குப் பதில் இந்தத் தோலின் சாற்றைப் பயன்படுத்திய வழக்கமும் உண்டு, றப்பரும் கொறக்காவும் பக்கத்தில் பக்கத்தில் வளர்கிற நாட்டில் அது யாருக்காவது தோன்றத்தானே செய்யும். இதே இனத்தில் கொகட்டு என்ற இன்னொரு மரம் இருக்கிறது, அதன் மஞ்சள் பிசின்தான் கண்டிக் கால விகாரை ஓவியங்களில் மஞ்சள் வண்ணமாகப் போனது. அடுத்த முறை விகாரைச் சுவரில் அந்த மஞ்சளைப் பார்த்தால் என் பள்ளிக்கூடச் சட்டையை நினைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் ஒரு மரம் நடலாமா?

நடலாம், ஆனால் விதை போட்டு நடாதீர்கள். விதை முளைக்கவே மாதக்கணக்கில் ஆகும், முளைத்த கன்று காய்க்கப் பத்து வருடம்போல ஆகும். அதோடு கொறக்காவில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. விதைக் கன்றில் பாதிக்கு மேல் ஆணாகவே வரலாம், பூக்கிற வரைக்கும் எது எது என்று யாராலும் சொல்ல முடியாது. காய்க்கிற பெண் மரத்திலிருந்து ஒட்டுக் கட்டிய கன்றை வாங்கினால் மூன்று நாலு வருடத்தில் காய்க்கும். கொறக்கா ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் பயிர்ப் பட்டியலில் இருக்கிறது, அதனால் கன்று எங்கே கிடைக்கும் என்று அங்கே விசாரிக்கலாம்.

இதெல்லாம் எனக்கு முன்னாடியே தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கல்யாணமாகி வந்த வருடம் ஆச்சி வீட்டு மரத்தடியில் முளைத்த கன்று ஒன்றைப் பிடுங்கி வந்து இஸ்தோப்புக்கு (வீட்டு முன் தாழ்வாரத்துக்கு) பக்கத்தில் வைத்தேன். பதினொரு வருடம் தண்ணீர் ஊற்றி, ஆட்டுக்கு வேலி கட்டி வளர்த்தேன். பன்னிரண்டாம் வருடம் கொத்துக் கொத்தாகப் பூத்தது, எல்லோருக்கும் சொல்லிவிட்டேன், பரண்கூடத் துடைத்து வைத்தேன். பூ முழுவதும் உதிர்ந்தது, ஒரு பிஞ்சுகூட இல்லை. ஆண் மரம். வெட்டிப் போடச் சொன்னார் வீட்டுக்காரர், எனக்கு மனசு வரவில்லை. இப்போது அதில் மிளகுக்கொடி ஏற்றியிருக்கிறோம், போன முறை காய்ந்த மிளகு இரண்டு கிலோ வந்தது, மீனுக்குக் கொறக்காவை மட்டும் இன்னும் நாட்டிலிருந்துதான் வாங்குகிறேன்.